ஒட்டாத மேயர்

பிலடெல்ஃபியா
4 பிப்ரவரி 1985

அன்புள்ள ரோசலி,

பத்திரிகையில் வந்த என் பத்தியை வாசித்திருப்பாய். வெல்டனிலிருந்து எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளைப் பார்த்தால் ஊரில் அதை வாசிக்காதவர் யாரும் இல்லை போலிருக்கிறது. மேயர் மெர்ல் டகனின் அறைக்கு வெளியே உட்கார்ந்து அவனுடைய கடிதங்களைத் தட்டச்சு செய்யும் என் சொந்த அக்காவிடமிருந்து மட்டும் ஒரு வார்த்தை இல்லை.

நம் ஊர் நீச்சல்குளத்தின் கூரை விழுந்த மறுநாள் மெர்ல் டகன் தொலைக்காட்சியில் அழுததை இங்கே அலுவலகத்தில் எல்லாரும் கூடி நின்று பார்த்தோம். பனி வாரும் மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதான். அந்த மண்வெட்டியின் கைப்பிடியில் கடையின் விலைச் சீட்டு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும்தான் எனக்கு அந்தச் சொல் தோன்றியது. டெஃப்லான் மேயர்.

வாஷிங்டனில் பெரிய தலைகளைப் பற்றி எழுதுபவர்கள் இப்போது இந்தச் சொல்லைத்தான் வைத்துக்கொண்டு விளையாடுகிறார்கள். நான் அதை நம் ஊர்க் குட்டி ராஜாவுக்குச் சூட்டியிருக்கிறேன். எவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறது பார். டெஃப்லான் பூசிய வாணலியில் முட்டையை ஊற்றினால் வழுக்கிக்கொண்டு போகும். அதுபோல் எந்தப் பழியும் இந்த ஆள் மேல் நிற்காது. 'குற்றமற்றவன்' என்றால் அதில் ஒரு மரியாதை இருக்கிறது. 'தப்பித்துக்கொண்டவன்' என்றால் ஓடி ஒளிந்த வாடை வருகிறது. இந்தச் சொல்லில் இரண்டும் இல்லை. குற்றம் உண்டு, எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் ஒட்டாது. ஒரே பெயரடையில் ஒரு மனிதனை உரித்துக் காட்டிவிட்டேன் என்று ஆசிரியர் சொன்னார்.

அவன் முகம் எப்படிப் போயிற்று என்று எழுது.

லென்

*

வெல்டன்
9 பிப்ரவரி 1985

லென்,

அவர் முகம் நன்றாகத்தான் இருக்கிறது. உன் பத்தி எங்கள் அலுவலகத்தில், காபி இயந்திரத்துக்கு மேலே ஒட்டியிருக்கிறது. ஒட்டியவர் மேயர். வருகிறவர்களைத் தோளில் கைபோட்டு அழைத்துப்போய் அதைக் காட்டுகிறார். ஹூடாக் வீட்டுப் பையன், நம்ம ஊர்ப் பையன், எப்படி எழுதுகிறான் பார் என்கிறார்.

நானும் வாசித்தேன். வாணலிக்கு ஒரு பத்தி. முட்டைக்கு ஒரு பத்தி. பெயரடை எங்கிருந்து வந்தது என்பதற்கு இரண்டு பத்தி. ஹெலன் சபோலுக்கு ஒரு வரி. அந்த வரியிலும் அவள் பெயர் இல்லை, 'உயிரிழந்த பெண்' என்று இருக்கிறது. நீ பள்ளிக்கூடம் போன பேருந்தை ஓட்டியவள் அவள். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு, முழங்கால் வலிக்காகத் தண்ணீரில் உடற்பயிற்சி செய்யப் போனாள். கூரை அவள் மேல் விழுந்தது.

சிரிப்பு வருகிற மாதிரி எழுதத் தெரிந்த உனக்கு, நடந்தது என்னவென்று கேட்கத் தோன்றவில்லை. சொல்கிறேன்.

கட்டட ஆய்வாளர் வால்ட் ஸெலென்கா ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை மேயரைப் பார்க்க வந்தார். கதவு திறந்தே இருந்தது. உள்கூரைக்கு மேலே ஏறிப் பார்த்துவிட்டு நேராக வந்திருந்தார். தலைமுடியெல்லாம் தூசி. குளோரின் ஆவி இரும்பு உத்தரத்தைத் தின்றுவிட்டது என்று சொல்லி, கையில் வைத்திருந்த துருச் செதில்களை மேசை மேல் கொட்டினார்.

"மெர்ல், இன்னிக்கே மூடிரணும். இன்னொரு தடவ கனமா பனி விழுந்தா தாங்காது."

"நீச்சல் போட்டி முடியட்டும் வால்ட். மாவட்டமே இங்க வருது. அதுக்கப்புறம் பாத்துக்கலாம்."

அவ்வளவுதான். மேயர் செதில்களைப் புறங்கையால் குப்பைத் தொட்டியில் தள்ளினார். வால்ட் போனபின் மேசையைத் துடைக்க ஆள் அனுப்பச் சொன்னார். போட்டிக்கு முன்பே பனி விழுந்தது.

பிறகு தொலைக்காட்சியில் என்ன சொன்னார் என்று உனக்கும் தெரியும். யாராவது என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்று சொல்லி அழுதார். எச்சரிக்கை செய்யவில்லை என்று வால்ட்டை வேலையைவிட்டு அனுப்பினார். வால்ட் தான் சொன்னதைச் சொல்கிறார். வேலை போனவன் புலம்புகிறான் என்று ஊர் நினைக்கிறது. அன்று அங்கே இருந்த மூன்றாவது ஆள் நான்.

அடுத்த நகர மன்றக் கூட்டத்தில் எழுந்து சொல்லப்போகிறேன்.

ரோசலி

*

பிலடெல்ஃபியா
14 பிப்ரவரி 1985

ரோசலி,

தயவுசெய்து அவசரப்படாதே.

நீ எழுதியதை இரண்டு முறை வாசித்தேன். ஆனால் யோசித்துப் பார். நீ எழுந்து சொல்வாய், அவன் கண்ணைக் கசக்குவான், வெல்டன் மக்கள் அவனுக்குக் கைக்குட்டை நீட்டுவார்கள். அந்த ஊரை எனக்குத் தெரியும். ஆலை மூடியபோது, மூடியவனோடு கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொண்டவன் டகன். அந்தப் படத்தை வீட்டில் மாட்டிவைத்த ஆட்கள் அவர்கள். அவர்களுக்கு உண்மையைக் கொண்டுபோய்க் கொடுப்பது வீண். ஒட்டாது. அதைத்தானே எழுதினேன்.

எனக்கு எழுதிக் கொடு. உன் பெயர் வராமல் பார்த்துக்கொள்கிறேன். 'அலுவலகத்தை அறிந்த ஒருவர்' என்று போடுகிறேன். வேலையும் போகாது.

லென்

*

வெல்டன்
28 பிப்ரவரி 1985

லென்,

சொல்லிவிட்டேன்.

மன்றக் கூடத்தில் உட்கார இடமில்லை. பேச விரும்புகிறவர்கள் வரலாம் என்றதும் ஒலிபெருக்கி முன்னால் போய் நின்றேன். வியாழக்கிழமை, வால்ட், துருச் செதில், நீச்சல் போட்டி, எல்லாம் சொன்னேன். நான் முடித்தபோது கூடம் அமைதியாக இருந்தது. லென், உண்மையாகவே அமைதியாக இருந்தது. முன்வரிசையில் ஹெலனின் மகள் கரோல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ நடக்கப்போகிறது என்று நினைத்தேன். டகன் கழுத்துப்பட்டையைத் தளர்த்தினார். அவரோடு ஆறு வருடம் வேலை செய்தவள் நான். அவருக்குப் பேச்சு வரவில்லை என்று எனக்குத் தெரிந்தது.

அப்போது அவருக்கு உன் நினைவு வந்தது.

முதலில் என்னைப் பார்த்தார். "ரோசி கண்ணு, நாம எல்லாருமே துக்கத்துல இருக்கோம். துக்கத்துல மனசு எதையெதையோ கேட்டதா நெனச்சுக்கும்." பிறகு கூட்டத்தைப் பார்த்தார். "அது சரி, அவ தம்பிதான் பேப்பர்லயே போட்டுட்டானே. எம்மேல எதுவும் ஒட்டாதாம். நான் சொல்லலப்பா, ஹூடாக் குடும்பமே சொல்லுது."

பின்னாலிருந்து ஒருவர் சிரித்தார். அப்புறம் கூடமே சிரித்தது. கெட்டவர்கள் சிரித்தார்கள் என்று நினைக்காதே. வால்ட்டின் பக்கத்து வீட்டுக்காரர் சிரித்தார். மருந்துக்கடைக்காரர் சிரித்தார். அதுவரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தவர்களுக்கு மூச்சுவிட ஒரு வழி கிடைத்தது. சிரித்து முடித்ததும் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள். கரோல் எழுந்து வெளியே போனாள்.

மறுநாள் என்னைக் கீழ்த்தளத்துக்கு மாற்றினார்கள். நாய்களுக்கு உரிமம் கொடுக்கும் இடம். ஜன்னல் கிடையாது.

நீ கண்டுபிடித்தது என்ன என்று உனக்குத் தெரிகிறதா? ஒட்டாதது வாணலியின் குணம் என்று எழுதினாய். அப்போது அவர் மேல் யாரும் எதையும் எறிந்திருக்கவே இல்லை. எறிந்தாலும் பயனில்லை என்று முன்கூட்டியே எல்லாருக்கும் அறிவித்துவிட்டாய். எறிய வேண்டியவர்கள் கையைக் கட்டிக்கொண்டு, பார்த்தாயா, வழுக்கிக்கொண்டு போகிறது என்று ரசிக்கிறார்கள். அந்தப் பூச்சை அவர் மேல் பூசியது நீ. அவருக்கு அதைச் செய்துகொள்ளும் மூளை கிடையாது.

ரோசலி

*

பிலடெல்ஃபியா
11 மார்ச் 1985

ரோசலி,

உன் மேல் எனக்கு வருத்தம் இருக்கிறது. சொல் ஒன்று இருப்பதைக் காட்டும், இல்லாததை உண்டாக்காது. மழை பெய்கிறது என்று எழுதியவன் மழையைக் கொண்டுவந்தவன் ஆகமாட்டான். சிரித்தவர்கள் அவர்கள். அவர்களுக்குப் பதில் என்னைக் கழுவேற்றுவது உனக்குச் சுலபமாக இருக்கிறது, ஏனென்றால் நான் அங்கே இல்லை, நாளைக்கு ரொட்டிக்கடையில் என் முகத்தைப் பார்க்கவேண்டியதில்லை.

போகாதே என்று நான் சொன்னேன். அதையும் நினைவில் வை.

அந்தப் பத்தி மாநிலப் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டிருக்கிறது. உன்னிடம் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தேன். வேறு யாரோ சொல்லி நீ அறிவதைவிட நானே சொல்வது மேல்.

லென்

*

வெல்டன்
20 அக்டோபர் 1985

லென்,

மார்ச்சுக்குப் பிறகு உனக்கு எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். நேற்றைய கூட்டத்தைப் பார்த்தபின் எழுதாமல் இருக்க முடியவில்லை.

தேர்தல் பற்றி எழுத ஊருக்கு வருகிறாய் என்று மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். என் வீட்டுக் கதவை நீ தட்டவில்லை. சரி. பூங்காவில், கூட்டத்தின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தேன். மேடையில் அடுப்பு வைத்திருந்தார்கள். டகன் ஏப்ரன் கட்டிக்கொண்டு கறுப்பு வாணலியில் முட்டை பொரித்தார். அதைத் தூக்கிப் போட்டுத் திருப்பினார். 'ஒட்டாத மெர்ல்' என்று கைப்பிடியில் அச்சிட்ட வாணலிகளைப் பெண்களுக்கு விநியோகித்தார்கள். தள்ளுமுள்ளு. வரிசையில் நிற்பவர்களின் பிள்ளைகள் அந்தக் குளத்தில்தான் நீந்தப் பழகினார்கள்.

அப்புறம் உன்னைக் கூப்பிட்டார். "எனக்குப் பேர் வச்ச பெரிய மனுசன் இங்கதான் நிக்கிறான். ஏறி வாடா லென்னி."

நீ ஏறினாய்.

அவர் உன் தோளில் கை போட்டார். உன் கையில் ஒரு வாணலி கொடுத்தார். நீ கேமராவைப் பார்த்துச் சிரித்தாய். நம் அப்பாவின் சிரிப்பு அது, முகத்தில் பாதி மட்டும் சிரிப்பது. எனக்குப் பக்கத்தில் கரோல் சபோல் நின்றிருந்தாள். "உங்க தம்பிக்கு அவரப் பிடிக்காதுன்னு நெனச்சேன்," என்றாள். கேலியாகச் சொல்லவில்லை. புரியாமல் கேட்டாள்.

ஓர் ஆளைத் திட்டுவதற்கு ஒரு சொல்லைச் செய்தாய். அந்த ஆள் அதைக் கைப்பிடியில் அச்சடித்து உனக்கே பரிசளிக்கிறார். இதற்குமேல் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் இருக்கிறது என்று அகராதிக்காரர்களிடம் கேட்டு எழுது. எனக்கு எழுதாதே.

ரோசலி

*

பிலடெல்ஃபியா
17 நவம்பர் 1985

ரோசலி,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன்.

அவன் ஜெயித்துவிட்டான். எங்கள் பத்திரிகை 'மறுபடியும் ஒட்டவில்லை' என்று தலைப்புப் போட்டது. நான் வைத்த தலைப்பு அல்ல. இப்போது அந்தச் சொல்லை யாரும் என்னைக் கேட்டுப் பயன்படுத்துவதில்லை. எங்கள் விளையாட்டுப் பக்கத்தில் ஒரு பந்துவீச்சாளன் டெஃப்லான். பங்குச்சந்தைப் பக்கத்தில் ஒரு வங்கி முதலாளி டெஃப்லான். வசையாகச் சொல்கிறார்களா வாழ்த்தாகச் சொல்கிறார்களா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அவர்களுக்கே தெரியாது.

மேடைக்கு ஏன் ஏறினேன் என்று நீ கேட்கவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டான், கூட்டம் கைதட்டியது, கால் தானாகப் போயிற்று. அவன் மேல் எனக்கு இருக்கும் இளக்காரம் அவனைத் தொடவே இல்லை. அவனுக்கு அது இன்னொரு விளம்பரம். எனக்கு அது பிழைப்பு. இருவரும் அதைவைத்து நன்றாகத்தான் சாப்பிட்டிருக்கிறோம்.

அந்தக் குளத்தைப் பற்றி எழுத விரும்புகிறேன். பெயரடை எதுவும் இல்லாமல். யார் எந்த நாள் என்ன சொன்னார், அதற்கு யார் என்ன செய்தார், அவ்வளவு மட்டும். நீ எனக்கு முதலிலிருந்து சொல்வாயா?

லென்

*

வெல்டன்
23 நவம்பர் 1985

லென்,

சொல்லமாட்டேன். ஒருமுறை உனக்குச் சொன்னேன், ஒருமுறை ஊருக்குச் சொன்னேன். போதும்.

வால்ட் இப்போது பக்கத்து ஊரில் சாமான் கிடங்கில் வேலை செய்கிறார். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருப்பார். கரோல் கோயில் தெருவில், அம்மாவின் வீட்டிலேயே இருக்கிறாள். குளத்தில் இடுப்பு முறிந்த எடித் நோவாக்கை யாரும் இன்றுவரை ஒரு கேள்வி கேட்கவில்லை. அவர்கள் சமையலறையில் போய் உட்கார். வேடிக்கையாக ஏதாவது தோன்றினால் வாயை மூடிக்கொள்.

என் வீட்டில் தங்கலாம். சோபாதான் இருக்கிறது.

ரோசலி

*

பிலடெல்ஃபியா
2 பிப்ரவரி 1986

ரோசலி,

கட்டுரை வந்துவிட்டது. உள்பக்கத்தில், மெத்தை விளம்பரத்துக்குக் கீழே.

ஆசிரியர் வாசித்துவிட்டு, இதில் டெஃப்லான் எங்கே என்று கேட்டார். இல்லை என்றேன். அதைப் போட்டால் முதல் பக்கம் தருகிறேன், அது இல்லாமல் இதை யார் வாசிப்பார்கள் என்றார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. நானே திரும்ப வாசித்தபோது, குடிநீர் வாரியத்தின் அறிவிப்பு மாதிரி இருந்தது. வால்ட் இன்ன நாள் கூரைமேல் ஏறினார். இன்னது சொன்னார். மேயர் இன்னது சொன்னார். ஹெலன் சபோல் இன்ன பாதையில் பேருந்து ஓட்டினாள், இன்ன மணிக்குக் குளத்துக்குப் போனாள்.

எடித் நோவாக் தடியை ஊன்றிக்கொண்டு எனக்குக் காபி போட்டுத் தந்தாள். உதவ எழுந்தேன், உட்காரச் சொல்லிவிட்டாள். பல வருடங்கள் டகனுக்கே ஓட்டுப் போட்டதாகச் சொன்னாள். மன்றக் கூட்டத்தில் நீ பேசியபோது மருத்துவமனையிலிருந்து சக்கர நாற்காலியில் வந்திருந்தாளாம். தானும் சிரித்ததாகச் சொன்னாள். ஏன் என்று கேட்டேன். "எல்லாரும் சிரிச்சாங்க. நான் மட்டும் சிரிக்கலன்னா, இடுப்பு ஒடிஞ்சது ஞாபகம் வந்துரும்ல," என்றாள். அதையும் எழுதினேன். அவள் எழுதச் சொன்னாள்.

வெல்டன் மக்கள்மேல் எனக்கு எப்போதும் ஓர் இளக்காரம் உண்டு, உனக்குத் தெரியும். அந்தச் சமையலறையில் அது எனக்கு உதவவில்லை.

இதனால் எதுவும் நடக்கும் என்று நான் நினைக்கவில்லை. அவன் இன்னும் மேயர்.

லென்

*

வெல்டன்
8 மார்ச் 1986

லென்,

நேற்று நடந்ததை உனக்குச் சொல்லவேண்டும். இதை வைத்துக் கட்டுரை எழுதமாட்டாய் என்று நம்பிச் சொல்கிறேன்.

தவக்காலம் தொடங்கிவிட்டது. வெள்ளிக்கிழமைகளில் புனித சிரில் கோயிலின் கீழ்க்கூடத்தில் மீன் விருந்து. நீ இருந்த காலத்தைப் போலத்தான், வறுத்த மீன், முட்டைக்கோஸ், வெண்ணெயில் புரட்டிய பியரோகிக் கொழுக்கட்டை. டகன் ஒவ்வொரு வருடமும் ஒரு வெள்ளிக்கிழமை வந்து ஏப்ரன் கட்டிக்கொண்டு பரிமாறுவார். நேற்று வந்தார். கொழுக்கட்டைத் தட்டுக்குப் பின்னால் நின்றார். எதிரே நீண்ட வரிசை.

யாரும் எதுவும் பேசிவைத்துக்கொண்டு வரவில்லை. எனக்குத் தெரிந்து இல்லை. உன் கட்டுரையை எத்தனை பேர் வாசித்தார்கள் என்றும் தெரியாது. எடித் மட்டும் அதை வெட்டி எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் கொடுத்துக்கொண்டிருந்தாள் என்று கேள்வி. அதில் அவள் சிரித்ததாக இருக்கிறது அல்லவா? அதை வாசித்தவர்கள் அவளோடு சண்டைக்குப் போகவில்லையாம். தரையைப் பார்த்தார்களாம்.

வரிசையில் முன்னால் நின்ற மருந்துக்கடைக்காரர், மேயர் கரண்டியை எடுத்ததும், தட்டோடு நகர்ந்து மீன் தட்டுக்குப் போய்விட்டார். கொழுக்கட்டை வேண்டாம் என்றுகூடச் சொல்லவில்லை. அவருக்கு அடுத்தவளும் நகர்ந்தாள். அதற்கடுத்தவர்களும். சண்டை இல்லை, முறைப்பு இல்லை. மேசையின் அந்தப் பகுதியில் ஆளே இல்லாதது மாதிரி வரிசை வளைந்து போயிற்று. டகன் சிலரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அவர்கள் வணக்கம் சொல்லிவிட்டு மீனுக்குப் போனார்கள். தட்டில் கொழுக்கட்டை குவிந்து ஆவி அடங்கிக்கொண்டிருந்தது.

பிறகு கரோல் வந்தாள். அவள் மட்டும் நகரவில்லை. அவர் முன்னால் நின்று தட்டை நீட்டினாள்.

அவருக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று முகத்திலேயே தெரிந்தது. கரண்டி கரண்டியாக வைத்தார். "உங்கம்மா மாதிரி ஒரு பொம்பள இந்த ஊர்ல கெடையாது கண்ணு. நெனச்சா இப்பவும் தூக்கம் வரல எனக்கு," என்றார்.

"அந்த வியாழக்கிழமை வால்ட் உங்ககிட்ட சொன்னாரு," என்றாள் கரோல். சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் கூடத்தில் கரண்டிச் சத்தம்கூட இல்லாததால் எல்லாருக்கும் கேட்டது. "கூரை விழும்னு சொன்னாரு. அதக் கேட்டுட்டு நீங்க அந்தத் துருவக் குப்பைத் தொட்டியில தள்ளுனீங்க."

தட்டை அவர் முன்னால் மேசையில் வைத்தாள். நடந்து போய் எடித்தின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

மன்றக் கூடத்தில் செய்தது போலவே டகன் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். எனக்கு அந்த முகம் தெரியும், லென். வேடிக்கையாக ஒன்று சொல்வதற்கு முன்னால் கண்ணைச் சிறிதாக்கிக்கொள்வார். சொன்னார். என் மேல் எதுவும் ஒட்டாது என்று தெரியாதா என்ற அதே வார்த்தைதான், வேறு இல்லை. சொல்லிவிட்டுச் சிரிப்புக்காகக் காத்திருந்தார்.

ஒருவரும் சிரிக்கவில்லை. கொஞ்சநேரம் அவரைப் பார்த்தார்கள். பிறகு மீனைச் சாப்பிடத் தொடங்கினார்கள்.

ரோசலி